பாய்லரில் தொடங்கிய காப்பீடு

எங்கள் எடமலைப்பட்டி புதூர் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: "வருஷா வருஷம் பிரீமியம் கட்டுறேன். மெஷின் தேஞ்சு நின்னுபோச்சுன்னா பணம் கிடையாதுங்கிறான். அப்புறம் எதுக்குங்க இன்சூரன்ஸ்?" நியாயமான கேள்விதான். பதிலைத் தேடிப் போனால் அது பாய்லரில் போய் நிற்கிறது. பாய்லர் என்றால் திருச்சிக்காரர்களுக்கு பெல் நினைவுக்கு வரும். இந்தக் கதை அதற்கும் நூறு வருஷம் முந்தையது.

நீராவி வந்த புதிதில் பாய்லர் வெடிப்பதைப் பலர் விதி என்றே நினைத்தார்கள். 1854-ல் மான்செஸ்டரில் வில்லியம் ஃபேர்பெயர்ன் முதலானோர் ஒரு சங்கம் தொடங்கினார்கள். உறுப்பினர்களின் பாய்லர்களை ஆய்வாளர்கள் போய்ப் பார்ப்பார்கள், குறை இருந்தால் சொல்வார்கள். அவ்வளவுதான், நஷ்ட ஈடு கிடையாது. 1858-ல் அதே ஊரில் ஒரு காப்பீட்டு நிறுவனம் வந்தது. 'ஆய்வும் செய்கிறோம், வெடித்தால் பணமும் தருகிறோம்' என்றது. இயந்திரக் காப்பீட்டின் தொடக்கம் இதுதான்.

அமெரிக்காவில் 1865 ஏப்ரலில் மிசிசிப்பி ஆற்றில் சுல்தானா என்ற நீராவிக் கப்பலின் பாய்லர்கள் வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே ஹார்ட்ஃபோர்ட் நகரில் பாய்லர் ஆய்வுக்கும் காப்பீட்டுக்குமாக ஒரு நிறுவனம் உருவானது. அதன் பெயரிலேயே 'ஆய்வு' முதலில் வரும், 'காப்பீடு' அதற்குப் பிறகுதான். கணக்கு எளிது: வெடித்தபின் கொடுப்பதைவிட வெடிக்காமல் பார்த்துக்கொள்வது மலிவு. மற்ற இயந்திரங்களின் பழுதுக்கான பாலிசி 1900-ஐ ஒட்டி ஜெர்மனியில் வளர்ந்தது.

இந்தியாவில் கதை வேறு பாதையில் போனது. 1863-ல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பல உயிர்கள் போயின. 1864-ல் வங்காளத்தில் ஆய்வைக் கட்டாயமாக்கிச் சட்டம் வந்தது. மற்ற மாகாணங்களும் ஆளுக்கொரு விதி போட, எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தியது 1923-ன் இந்திய பாய்லர் சட்டம். (2025-ல் அதன் இடத்தில் புதிய சட்டம் வந்திருக்கிறது.) அதாவது, இங்கே ஆய்வு அரசின் கைக்குப் போயிற்று, பணம் கொடுப்பது மட்டும் காப்பீட்டு நிறுவனத்திடம் நின்றது.

இப்போது நண்பரின் கேள்விக்கு வருவோம். இயந்திரப் பழுது பாலிசி என்பது திடீரென, எதிர்பாராமல் நேரும் சேதத்துக்கு. தேய்மானம் திடீரென வருவதல்ல, கவனித்துப் பார்த்தால் முன்பே தெரியக்கூடியது. அதைப் பிடிக்கத்தான் ஆய்வாளர். அரிசி ஆலை பாய்லருக்கு அரசு ஆய்வாளர் உண்டு. லேத்துக்கு யார்? பட்டறைக்காரரேதான். எண்ணெய் மாற்றிய தேதி, பேரிங் மாற்றிய தேதி, சர்வீஸ் பில் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். 'இது தேய்மானம்' என்று சர்வேயர் சொன்னால், பதில் சொல்ல அதுதான் கையில் இருக்கும்.

இன்னொன்று. காப்பீட்டுத் தொகையை வாங்கின விலைக்குப் போடக் கூடாது, அதே மாதிரிப் புது மெஷினின் இன்றைய விலைக்குப் போட வேண்டும். 10 லட்ச ரூபாய் மெஷினை 6 லட்சத்துக்குக் காப்பீடு செய்திருந்தால், 1 லட்ச ரூபாய் பழுதுக்கு 60 ஆயிரம்தான் கணக்காகும். அதிலும் நீங்கள் ஏற்க வேண்டிய பங்கு கழியும். மீதி நம் பாக்கெட்டிலிருந்துதான்.

மான்செஸ்டர்காரர்கள் அன்று பிடித்துக்கொண்ட விஷயம் இன்றும் மாறவில்லை. பாலிசி மெஷினின் விலையைத் திருப்பித் தரலாம். பக்கத்தில் நின்று வேலை பார்ப்பவரைக் காப்பாற்றுவது ஆய்வுதான்.