கூற்றுவன் எந்தப் பக்கம்?

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வடிவமைத்து 1974இல் அமெரிக்காவில் வெளியான 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டில், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு சார்பு உண்டு. தொடக்கத்தில் ஒழுங்கு, நடுநிலை, குலைவு என்று மூன்றே சார்புகள். போல் ஆண்டர்சன், மைக்கேல் மூர்காக் ஆகியோரின் புதினங்களிலிருந்து பெறப்பட்ட பகுப்பு அது. பின்னர் நன்மை, தீமை என்னும் இன்னோர் அச்சும் சேர, 1978ஆம் ஆண்டுக் கையேட்டில் ஒன்பது கட்டங்கள் நிலைபெற்றன. தெய்வங்களுக்கும் இதிலிருந்து விலக்கில்லை. 1976இலும் 1980இலும் இவ்விளையாட்டுக்காக வெளிவந்த தெய்வத் தொகுப்புகளில் இந்தியத் தெய்வங்களும் இடம்பெற்றன.

இத்தகைய கற்பனைத் தெய்வக் குழாங்களில் மரணத் தெய்வம் இரண்டு வகையாகவே பெரும்பாலும் வருகிறது. ஒன்று பிணங்களை ஆளும் கொடியது. மற்றொன்று தீர்ப்பு வழங்கும் நடுவர். 'ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்' உலகில் மிர்க்குல் முதல்வகை. மனிதனாயிருந்து அப்பதவிக்கு உயர்ந்த கெலம்வோர் இரண்டாம்வகை. கெலம்வோரின் கதையில் கவனிக்கத்தக்க ஒரு திருப்பம் உண்டு. பதவியேற்ற தொடக்கத்தில் அவன் நல்லோருக்கும் வீரருக்கும் இரக்கம் காட்டித் தீர்ப்பளிக்கிறான். சாவுக்கு அஞ்ச வேண்டியதில்லை என்று மாந்தர் எண்ணத் தொடங்கியதும் உலகின் நடப்பே தடுமாறுகிறது. இறுதியில் அவன் 'ஒழுங்கு–நன்மை' என்னும் கட்டத்திலிருந்து 'ஒழுங்கு–நடுநிலை' என்னும் கட்டத்துக்கு நகர நேர்கிறது. இரக்கமுள்ள கூற்றுவன் பதவிக்குத் தகுதியற்றவன் என்பதை ஓர் ஆட்டத்தின் கதையாசிரியர்கள் தாமே கண்டுகொண்டனர்.

தமிழ் மரபில் இவ்வழக்கு மிகப் பழையது. 'கூற்று', 'கூற்றம்' என்னும் சொற்கள் வடிவில் அஃறிணை. உயிரையும் உடலையும் கூறுபடுத்துவது என்று அவற்றுக்குப் பொருள் கூறுவர். கூற்றுவன் என்று ஆண்பால் ஈறு பெற்ற பின்னரும் அந்த அஃறிணைத் தன்மை அவனை விட்டு முழுதாக நீங்கவில்லை. புறநானூற்றின் 227ஆம் பாடலில், கிள்ளிவளவன் இறந்தபோது ஆவடுதுறை மாசாத்தனார் கூற்றத்தைக் கொடியது என்று பழிப்பதைவிட அறிவற்றது என்றே மிகுதியும் பழிக்கிறார். போர்க்களந்தோறும் அதற்கு உணவளித்தவன் கிள்ளி. அவனையே உண்டது விதைநெல்லைச் சமைத்துத் தின்றதற்கு ஒப்பு என்பது புலவரின் வாதம். ஒன்பது கட்டங்களில் மூடத்தனத்துக்கு இடமில்லை என்பதால் மாசாத்தனாரின் கூற்றம் எதிலும் அடங்காது.

கூற்றுவன் தன் வேலையை நிறுத்தினால் என்னாகும் என்னும் வினாவுக்கு விடை பாலக்காட்டில் இருக்கிறது. லக்கிடியை அடுத்த கிள்ளிக்குறிச்சிமங்கலத்தில் பிறந்த குஞ்சன் நம்பியார் துள்ளல் கலைக்கு வடிவம் தந்தவர். காலம் 18ஆம் நூற்றாண்டு. 'காலனில்லாத்த காலம்' என்று மலையாள மாணவர் அறியும் அவருடைய பகுதி, மகாபாரத ஆதிபருவத்தின் ஐந்து இந்திரர் கதையை அடியொற்றியது. நைமிசாரணிய வேள்வியில் எமன் ஈடுபட்டிருந்ததால் மண்ணில் எவரும் சாகவில்லை. மூலத்தில் கலங்குவோர் தேவர்கள். மனிதரும் சாகாவிடில் தமக்கும் அவர்க்கும் வேறுபாடு என்ன என்பது அவர்களுடைய கவலை. நம்பியார் அக்கவலையைத் தேவருலகிலிருந்து இறக்கி ஒரு வீட்டுக்குள் வைக்கிறார். முத்தச்சன் இருக்கிறார், அவருடைய முத்தச்சனும் இருக்கிறார், அவருக்கும் முந்தியவர் இன்னும் சாகவில்லை. தத்துவமாகப் பேசப்பட்டதை இட நெருக்கடியாக மாற்றிய இந்த நகைச்சுவைக்கு ஈடாக எமனுக்கு நற்சான்று வழங்கிய இலக்கியம் வேறு இருக்குமா என்பது ஐயமே.

எமன் இங்கே ஓர் அலுவலர். சினம் அவனுடைய இலக்கணம் அன்று. சினந்து கொல்லும் தெய்வம் வேறு. அது பெரும்பாலும் பெண். அதே பாலக்காட்டுப் பகுதியின் பத்திரகாளி கோயில்களில் இரவில் தோல்பாவைக்கூத்து நிகழ்கிறது. கூத்துமாடம் தேவியின் சன்னிதியை நோக்கி அமைந்திருக்கும். திரைக்குப் பின்னே இருபத்தொரு விளக்குகள். புலவர்கள் பாடுவது கம்பனின் தமிழ்ப் பாடல்கள். தாரிகனோடு பொருதுகொண்டிருந்ததால் இராவண வதத்தைக் காளி காணத் தவறினாள். அக்குறை தீர ஆண்டுதோறும் அவளுக்கு அதை ஆடிக் காட்ட வேண்டும் என்பது மரபுக்கதை. எதிரே மனிதர் ஒருவரும் இல்லாத இரவுகளிலும் கூத்து நிற்பதில்லை, பார்வையாளர் அவளே என்பதால். கொலைத்தொழில் கொண்ட பெண்தெய்வத்தைச் சார்புக் கட்டங்களில் அமர்த்த முயல்வோரின் கை முதலில் தீமைக் கட்டத்துக்கே போகும். அவளை விடிய விடியக் கதை கேட்க வைத்துக் குளிர்விக்கும் சடங்கு அந்தக் கட்டத்துக்குள் எப்படி வரும்? தெய்வத்தின் சார்பு நிலையானது என்று விளையாட்டு கொள்கிறது. அதை நகர்த்த முடியும் என்று சடங்கு நம்புகிறது.

இந்நம்பிக்கையின் மிகக் கடினமான சான்று தெற்கே, அதே மலைத்தொடரில், இடுக்கி–தேனி எல்லையில் உள்ளது. பெரியார் புலிகள் காப்பகத்துக்குள் சுமார் 1,337 மீட்டர் உயரத்தில் இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோயில் ஆண்டில் ஒரேயொரு நாள், சித்திரைப் பௌர்ணமியன்று, வழிபாட்டுக்குத் திறக்கப்படுகிறது. குமுளியிலிருந்து ஜீப்பிலும், தமிழகப் பக்கம் பளியன்குடியிலிருந்து கால்நடையாகவும் மக்கள் ஏறுகின்றனர்; மாலைக்குள் இறங்கிவிட வேண்டும். வையையின் கரையைப் பற்றி மேற்கே நடந்த கண்ணகி பதினான்காம் நாள் விண்ணேகிய நெடுவேள் குன்றம் இதுவே என்போர் பலர். திருச்செங்கோடு என்பாரும் உளர். இவ்வழக்கு இங்கே தேவையில்லை. நாள்தான் கவனத்துக்குரியது. சித்திரைப் பௌர்ணமி எமனின் கணக்கரான சித்திரகுப்தனுக்கும் உரிய நாள். மலையடிவாரத்தில், தேனிக்கும் போடிக்கும் இடையிலுள்ள கோடாங்கிபட்டியில் சித்திரபுத்திர நயினாருக்குக் கோயில் உண்டு. தென் தமிழகத்து வீடுகள் பலவற்றில் அன்று நயினார் நோன்பு. ஒரே முழுநிலவு மலைமேல் எரித்தவளுக்கும் அடிவாரத்தில் எழுதுபவனுக்கும் பொதுவாகிறது.

எரித்தவள் கணக்கறியாதவள் என்று கொள்ள வேண்டாம். வஞ்சினமாலையில் தீக்கடவுளுக்கு அவள் இடும் ஆணையிலேயே விலக்குப் பட்டியல் ஒன்று உண்டு: பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள். இவர்களை விட்டுத் தீயோரை மட்டும் சேர்க என்பது ஆணை. பட்டியலில் யார் முதலில் நிற்கிறார் என்பதை இன்றைய வாசகர் கவனிக்காமல் இருக்க முடியாது. ஆயினும் அது பட்டியல்தான், கண்மூடிய அழிப்பன்று. அடுத்து கட்டுரைக் காதையில் மதுராபதித் தெய்வம் தோன்றி, கோவலன் முற்பிறப்பில் சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் என்று கூறிக் கொல்வித்ததையும், அவன் மனைவி நீலி இட்ட சாபத்தையும் விளக்குகிறது. சித்திரகுப்தனின் ஏட்டைப் பிரித்துப் படிப்பது போன்ற இடம் அது. கோவலன் சாவுக்கும் கணக்கு இருக்கிறது.

இதன் பிறகு நடந்ததற்குக் கணக்கு இல்லை. பாண்டிய நாடு மழை பொய்த்து, வெம்மையும் நோயும் பரவ, கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் ஒரே பகலில் பொற்கொல்லர் ஆயிரவரைக் கண்ணகிக்குப் பலியிடுகிறான். உடனே மழை பெய்தது என்கிறது உரைபெறு கட்டுரை. அப்பகுதி பிற்சேர்க்கை என்று ஒதுக்கிவிட்டாலும் சிக்கல் தீராது. காப்பியத்துக்குள்ளேயே, நீர்ப்படைக் காதையில், மாடலன் வாய்மொழியாக அப்பலி வருகிறது. சிலம்பைத் திருடியவன் ஒரு பொற்கொல்லன். பலியானோர் ஆயிரம் பேர். அவர்களுள் எவருக்கும் முற்பிறப்புக் கதை சொல்லப்படவில்லை. எவர் முதியவர், எவர் அறவோர் என்று அங்கே பிரித்துப் பார்க்கப்படவும் இல்லை.

தீக்கு வரம்பு கட்டிய தெய்வத்தைக் குளிர்விக்க வரம்பில்லாக் கொலை. கண்ணகி அதைக் கேட்டதாக நூலில் ஒரு சொல்லும் கிடையாது, மறுத்ததாகவும் கிடையாது. அவளை ஒழுங்கின் பக்கமோ குலைவின் பக்கமோ நிறுத்துவோர் யாராயினும் இந்த மௌனத்தை ஏதேனும் ஒரு வகையில் நிரப்பித்தான் ஆக வேண்டும். பத்தினிக் கோட்பாட்டைப் போற்றிய மேடைகளில் ஆயிரவரின் பேச்சு அரிதாகவே எழுந்ததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். ஒரு தொழிற்குலம் முழுதும் ஒருவனின் குற்றத்துக்காக மாண்டதைத் தெய்வத்தின் தலையில் ஏற்றுவதைவிட, அதைச் செய்வித்த அரசனின் தலையில் ஏற்றுவதே நூலுக்கு நெருக்கமான வாசிப்பு. பலியைத் தீர்மானித்தவன் அவன். அதன் பயனாக அரியணை ஏறியவனும் அவனே.

கங்கைக் கரைப் பாடியில் இச்செய்தியைச் சொல்லி முடித்துச் செங்குட்டுவனை வாழ்த்துகிறான் மாடலன். சேரன் மறுவினா எதுவும் எழுப்பவில்லை. பொழுது சாய்ந்து செவ்வானத்தில் வெண்பிறை தோன்ற, மன்னன் அதை நிமிர்ந்து நோக்குகிறான். குறிப்பறிந்த கணியன் எழுந்து, வஞ்சியை விட்டு வந்து முப்பத்திரண்டு திங்கள் ஆயிற்று என்று கணக்குச் சொல்கிறான்.