மணியடிக்கும் வரை வெளியே இருந்த மாணவன்

பதின்வயதுப் பிள்ளைகள் குடி, போதை, அடிதடி என்று போகாமலிருக்க இரண்டு தேவை என்கிறார்கள்: தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் பழக்கம், பள்ளியின் ஆதரவு. மறுப்பதற்கில்லை. ஆனால் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நமக்கு அறிவுரையாகக் கிடைப்பது முதலாவது மட்டும்தான். இரண்டாவது யாருக்குக் கிடைத்தது என்பதை வரலாற்றில்தான் தேட வேண்டியிருக்கிறது.

இரட்டைமலை சீனிவாசன் 1939இல் வெளியான தன் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் கோவையில் படித்த நாட்களைச் சொல்கிறார். சுமார் 400 மாணவர்களில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பிராமணர்கள். தன் சாதியும் குடியிருப்பும் தெரிந்துவிடுமோ என்று அஞ்சி அவர் யாரோடும் சேர்ந்து விளையாடவில்லை. வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணியடித்த பிறகே வகுப்புக்குள் போவார். வகுப்பு முடிந்ததும் மற்றவர்கள் தன்னை எட்டிப்பிடிக்காதபடி வேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவார். ஒரு பையனிடம் இதைவிடப் பெரிய சுயக்கட்டுப்பாட்டை யார் கேட்க முடியும்? அது பள்ளி கற்றுக்கொடுத்ததல்ல, பயம் கற்றுக்கொடுத்தது. அவர் தாங்கினார், 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார், வட்டமேசை மாநாடு வரை போனார். அதே பயத்தில் பாதியில் நின்றுபோனவர்களின் ஜீவிய சரித்திரம் அச்சேறவில்லை.

அந்தப் பயமில்லாத வகுப்பறையை நம்மவர்கள் தனியாகத்தான் கட்ட வேண்டியிருந்தது. சென்னையில் 1894இல் ஆல்காட் சேரிப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தார். 1916இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். படிப்போடு தங்க இடமும் சோறும் கிடைத்ததுதான் அதன் பலம். 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது என்று கணக்கு. ஓரணாச் சோறு செய்ததை ஒழுக்க போதனை செய்ததில்லை.

நூறாண்டு கழித்து, 2023 ஆகஸ்டில், நாங்குநேரியில் ஒரு தலித் மாணவன் வீடு புகுந்து வெட்டப்பட்டான். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்களும் பள்ளிப் பிள்ளைகள். கட்டுப்பாடில்லாத பையன்கள் என்று சொல்லி முடித்துவிட முடியுமா தோழர்களே? தலித் மாணவன் தலைகுனிய வேண்டும் என்ற பாடத்தை வீடும் தெருவும் அவர்களுக்கு நடத்தின; பள்ளி அதை அழிக்கவில்லை.

அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் கட்டும் வண்ணக் கயிற்றுக்குத் தடை என்ற பரிந்துரையை வைத்துத் தொலைக்காட்சிகள் ஒரு வாரம் ஓட்டின. பள்ளிகளுக்கு நல அலுவலர் வேண்டும் என்ற பரிந்துரையைப் பற்றி அந்த அளவு பேச்சில்லை. அவமானப்பட்ட பிள்ளை பயமில்லாமல் போய்ச் சொல்ல ஓர் ஆள் இருக்க வேண்டும் என்பதுதான் அது.

உங்கள் ஊர் ஆதிதிராவிடர் நல விடுதிக்கு இந்த வாரம் ஒருமுறை போங்கள். காப்பாளர் இரவில் தங்குகிறாரா, அடிபட்டால் யாரிடம் சொல்வீர்கள் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். பதிலை எழுதி வாருங்கள்.