அரிப்புக் கடலின் குத்தகையும் ஒரு ஹொக்கி வீரரின் கைமாற்றமும்

ரொறன்ரோ நகரிலும் அதனை அண்டிய ஸ்காபரோ, மார்க்கம் பகுதிகளிலும் பிறந்து வளர்ந்த எமது இரண்டாந் தலைமுறையினரிடம் ஐஸ் ஹொக்கி பற்றிப் பேச்சுக் கொடுத்தால் அது இலகுவில் முடிவதில்லை. 2025 ஆம் ஆண்டு கோடையில் அவர்களுக்குப் பெரியதொரு விவாதப்பொருள் கிடைத்தது. மார்க்கத்தில் பிறந்தவரும் ஒன்பது பருவங்கள் மேப்பிள் லீவ்ஸ் அணிக்காக ஆடியவருமான மிச் மார்னர், எட்டு ஆண்டுகளுக்கு 96 மில்லியன் அமெரிக்க டொலர் ஒப்பந்தத்துடன் லாஸ் வேகஸ் நகரின் கோல்டன் நைட்ஸ் அணிக்குக் கைமாற்றப்பட்டார். பதிலுக்கு ரொறன்ரோவுக்குக் கிடைத்தவர் நிக்கொலா ருவா என்ற ஒரேயொரு வீரர். 1967 ஆம் ஆண்டுக்குப் பின்னர் ஸ்ரான்லி கிண்ணத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கும் இரசிகர்கள் இதனை இலேசாக எடுத்துக்கொள்வார்களா? கொடுத்தது பெரிதா, பெற்றது பெரிதா? விற்றவர் வென்றாரா, வாங்கியவர் வென்றாரா? அடுத்த பருவம் எப்படி அமையும்? இவையே அவர்களது கேள்விகள்.

மன்னார்க் கரையோரத்துக்கு இந்தக் கேள்விகள் புதியவை அல்ல. ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கரைகளில் ஒவ்வொரு முத்துக்குளிப்புக்கு முன்னரும் இதே கேள்விகள் வேறு சொற்களில் எழுப்பப்பட்டன. அவற்றுள் மிகப் பெரியது 1906 ஆம் ஆண்டுக்குரியது. அக்கதையைச் சொல்வதற்கு முன்னர், இளந்தலைமுறையினர் நன்கறிந்த ஹொக்கிக் கைமாற்றம் ஒன்றை நினைவூட்டுவது பொருத்தம்.

எட்மன்ரன் விற்ற வீரர்

155 ஈழத்தமிழர்கள் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்கப்பட்டது 1986 ஓகஸ்டில். அதற்கு இரண்டு ஆண்டுகளின் பின்னர், 1988 ஓகஸ்ட் 9 ஆம் திகதி, அவர்களுக்குப் புகலிடம் தந்த நாடு ஒரு விளையாட்டு வீரருக்காகத் துயரம் கொண்டாடியது. எட்மன்ரன் ஒயிலர்ஸ் அணி 1984, 1985, 1987, 1988 ஆகிய நான்கு ஆண்டுகளில் ஸ்ரான்லி கிண்ணத்தை வென்றிருந்தது. அவ்வெற்றிகளின் நாயகன் வேன் கிரெட்ஸ்கி. அப்போது அவருக்கு வயது 27. நான்காவது கிண்ணத்தின் ஈரம் காயுமுன்னரே, உரிமையாளர் பீற்றர் பொக்லிங்ரன் அவரை லொஸ் ஏஞ்சலீஸ் கிங்ஸ் அணிக்குக் கைமாற்றினார்.

கிரெட்ஸ்கியுடன் மேலும் இரு வீரர்கள் சென்றனர். எட்மன்ரனுக்குக் கிடைத்தவை இரண்டு இளம் வீரர்கள், 1989, 1991, 1993 ஆம் ஆண்டுகளின் முதற்சுற்றுத் தெரிவு உரிமைகள், அவற்றோடு 15 மில்லியன் அமெரிக்க டொலர் பணம். விடைபெறும் செய்தியாளர் மாநாட்டில் கிரெட்ஸ்கி அழுதார். நகர மக்கள் உரிமையாளரின் கொடும்பாவியை எரித்தனர். புதிய ஜனநாயகக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர் நெல்சன் ரீஸ், அரசாங்கமே தலையிட்டு இக்கைமாற்றத்தைத் தடுக்க வேண்டும் என்று கோரினார்.

உரிமையாளரின் கணக்கு எளிமையானது. கிரெட்ஸ்கியின் ஒப்பந்தம் இன்னும் சில ஆண்டுகளில் முடிந்து, அவர் விரும்பிய அணிக்குப் போகும் சுதந்திரம் பெறுவார். அப்போது கைக்கு ஒன்றும் மிஞ்சாது. விலை உச்சத்தில் இருக்கும்போதே விற்றுவிடுவது நல்லது.

விளைவு என்ன? 1989 இல் முதற்சுற்றிலேயே கிரெட்ஸ்கியின் புதிய அணி எட்மன்ரனைத் தோற்கடித்தது. இரசிகர்களின் கோபம் நியாயம் எனப்பட்டது. ஆனால் 1990 இல், கிரெட்ஸ்கி இல்லாமலேயே எட்மன்ரன் ஐந்தாவது கிண்ணத்தை வென்றது. கிரெட்ஸ்கியோ 1993 இல் இறுதிச்சுற்று வரை சென்று மொன்றியலிடம் தோற்றார்; ஓய்வு பெறும்வரை மறுபடியும் கிண்ணத்தைத் தொடவில்லை. அவரை வாங்கிய புரூஸ் மக்னோல் பின்னர் வங்கிகளை ஏமாற்றிய குற்றத்துக்காகச் சிறை சென்றார். வென்றவர் யார் என்பதற்கு இன்றுவரை ஒற்றை விடை இல்லை. கைமாற்றங்களில் விலை பேசப்படுவது கடந்த பருவத்தை வைத்து. வாங்கப்படுவதோ வரப்போகும் பருவம். இந்த இடைவெளிதான் அரிப்புக் கடலிலும் விற்பனைக்கு வந்தது.

பருவத்தைக் கணித்த கரை

மன்னார் நகருக்குத் தெற்கே, அருவியாறு கடலோடு கலக்கும் இடத்துக்கு அண்மையில் உள்ளது அரிப்பு. கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சிறைப்பட்டிருந்த ரொபேர்ட் நொக்ஸ், 1679 ஒக்ரோபரில் தப்பிவந்து சேர்ந்தது இங்கிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்கே. பிரித்தானியரின் முதலாவது தேசாதிபதி பிரெடெரிக் நோர்த், 1801 முதல் 1804 வரையான காலத்தில் இக்கரையில் தமக்கு ஒரு மாளிகை கட்டினார். முத்துக்குளிப்பை நேரில் பார்வையிடுவதே அதன் நோக்கம். 'டொரிக்' என ஆங்கிலேயர் அழைத்த அந்த மாளிகையை ஊர்மக்கள் அல்லிராணியின் பெயரோடு சேர்த்தே வழங்கினர். ஒரு தேசாதிபதி வெட்டவெளிக் கடற்கரையில் மாளிகை கட்டியிருக்கிறார் என்றால் அக்கடலின் வருமானம் எத்தகையது என்பதை ஊகிக்கலாம்.

முத்துச்சிப்பிகள் வாழும் கடலடிப் பாறைத்தளங்களைப் 'பார்' என்பர். செவல் பார், பெரிய பார், மோதரகம் பார் என ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. இச்சிப்பிகளின் வாழ்வு ஒரு விளையாட்டு வீரரின் வாழ்வைப் போன்றது. நான்கு வயதுக்கு முன்னர் எடுத்தால் முத்து விளைந்திராது. ஆறேழு வயதைக் கடந்தால் சிப்பி இறந்து, முத்தும் மணலோடு போய்விடும். இடைப்பட்ட ஓரிரு ஆண்டுகளே உச்சம்.

ஆகவே ஒவ்வொரு பருவத்துக்கும் முன்னர் அரசாங்கப் பரிசோதகர் பார்களைச் சோதிப்பார். அடப்பனார் எனப்பட்ட பரம்பரைத் தலைமைக்காரர் வழிகாட்டுவர். மாதிரியாக எடுத்த சிப்பிகளை அழுகவிட்டு, கழுவி, முத்துக்களைத் தரம் பிரித்து, ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபா என்று மதிப்பிடுவர். அறிவித்தல் வெளியானதும் கீழக்கரை, தூத்துக்குடி, செட்டிநாடு, பம்பாய் வியாபாரிகள் கணக்குப் போடத் தொடங்குவர். பரதவர், கீழக்கரை முஸ்லிம்கள், பாரசீக வளைகுடாவின் அரபிகள் எனச் சுழியோடிகள் வந்து குவிவர். பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை கடல் அடங்கியிருக்கும் காலத்தில், ஆளில்லாக் காட்டோரத்தில் ஓலைக்குடிசை நகரம் ஒன்று எழும்.

படகுகள் நள்ளிரவுக்குப் பின்னர் தரைக்காற்றோடு புறப்பட்டு விடியும்போது பாரை அடையும். சுழியோடி காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவான். மேலே மண்டக்கு என்னும் துணையாள் கயிற்றைப் பிடித்திருப்பான். சுறாவின் வாயைக் கட்டும் மந்திரக்காரனாகிய கடற்கட்டி கரையில் தன் கடமையைச் செய்துகொண்டிருப்பான். மாலையில் திரும்பியதும் 'கொட்டு' என்னும் வேலியடைத்த இடத்தில் சிப்பிகள் மூன்று குவியல்களாகப் பிரிக்கப்படும். இரண்டு அரசுக்கு, ஒன்று சுழியோடிகளுக்கு. அன்றிரவே அரசின் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். திறக்காத சிப்பியை விலை பேசும் ஏலம் அது. நேற்றைய சிப்பியில் நல்ல முத்து வந்ததாம் என்றொரு வதந்தி எழுந்தால் விலை ஏறும். வெறுஞ்சிப்பி என்று பேச்சு வந்தால் இறங்கும். சுழியோடிகளின் பங்கில் ஒரு கைப்பிடியை வாங்கி அதிர்ஷ்டம் பார்த்த ஏழைகளும் உண்டு.

1906: குத்தகை

கணிப்புக்கு அடங்காத கடல் அது. 1838 தொடக்கம் 1854 வரை முத்துக்குளிப்பே நடைபெறவில்லை. 1891 க்குப் பின்னரும் பதினொரு ஆண்டுகள் பார்கள் வெறுமையாகக் கிடந்தன. காரணம் அறியும் பொருட்டு 1902 இல் லிவர்பூல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹேர்ட்மன் வரவழைக்கப்பட்டார். அவருடன் ஜேம்ஸ் ஹோர்னெல் வந்தார். அவர்கள் கண்டவற்றுள் பெரிய பாரின் கதை முக்கியமானது. கரையிலிருந்து ஏறத்தாழ இருபது மைல் தொலைவில், ஆழ்கடலின் விளிம்பில் கிடக்கும் அந்தப் பாரில் 1902 மார்ச்சில் இளஞ்சிப்பிகள் ஏராளமாக இருந்தன. அதே ஆண்டு நவம்பரில் அவை முற்றாக மறைந்துவிட்டன. 1880 முதல் இவ்வாறு குறைந்தது பதினொரு தடவை நிறைந்தும், ஒரு தடவையேனும் அப்பார் குளிப்புக்குப் பலன் தந்ததில்லை. அங்குள்ள இளஞ்சிப்பிகளை அள்ளிப் பாதுகாப்பான பார்களில் இட்டு வளர்க்கலாம் என்பது பேராசிரியரின் யோசனை.

இதற்கிடையில் கடல் தானாகவே திறந்தது. 1903 இலும் 1904 இலும் தலா 4 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள். 1905 இல் 8 கோடிக்கு மேல். அரசின் வருமானம் 1903 இல் ஏறத்தாழ 8 இலட்சம் ரூபா, 1904 இல் 10 இலட்சத்துக்கு மேல், 1905 இல் 25 இலட்சம். அந்த உச்சத்தில்தான் அரசாங்கம் கடலைக் கைமாற்றியது. இலண்டனில் அமைக்கப்பட்ட இலங்கை முத்துக்குளிப்புக் கம்பனிக்கு, ஆண்டுக்கு 3 இலட்சத்து 10 ஆயிரம் ரூபா வாடகையில், இருபது ஆண்டுகளுக்குப் பார்கள் குத்தகைக்கு விடப்பட்டன. சிப்பி வளர்ப்புக்குக் கம்பனி ஆண்டுதோறும் பணம் செலவிட வேண்டும் என்பதும் நிபந்தனை.

இதனை எப்படிப் பார்ப்பது? கடைசிப் பருவத்தை மட்டும் வைத்தால், அரசு தன் வருமானத்தின் எட்டில் ஒரு பங்குக்குக் கடலை விற்றுவிட்டது. முந்திய மூன்று ஆண்டுகளில் மட்டும் கிடைத்தது ஏறத்தாழ 44 இலட்சம். இருபது ஆண்டு வாடகை முழுவதும் 62 இலட்சமே. ஆனால் 1892 தொடக்கம் 1902 வரையான பதினொரு ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் கணக்கு மாறுகிறது. சிப்பி இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன, வாடகை வரும். எட்மன்ரன் உரிமையாளரின் கணக்கும் இதுவேயன்றோ?

1906 பருவத்தில் மரிச்சுக்கட்டி முகாமில் கொட்டு மேற்பார்வைக்கு அனுப்பப்பட்டவர்களுள் ஒருவர் லெனார்ட் வூல்ப். யாழ்ப்பாணக் கச்சேரியில் பணியாற்றிய 25 வயது இளைஞர். பின்னாளில் எழுத்தாளர் வேர்ஜீனியா வூல்பின் கணவர். பல்லாயிரம் பேர் கூடிய அந்த முகாமை விரல்விட்டு எண்ணத்தக்க அதிகாரிகளே நடத்தினர். அவ்வனுபவத்தைத் தமது தன்வரலாற்றிலும் ஒரு சிறுகதையிலும் அவர் பதிவு செய்தார். அந்தப் பருவம் நன்றாகவே அமைந்தது. 1907 இல் விளைச்சல் வெகுவாகக் குறைந்தது. அதன் பின்னர் ஒன்றுமில்லை. பெரிய பாரிலிருந்து பெயர்த்து நட்ட இளஞ்சிப்பிகளும் கைகொடுக்கவில்லை. 1912 இல் கம்பனி கலைக்கப்பட்டது.

யாருக்கு நட்டம்?

மேலோட்டமாகப் பார்த்தால் விற்ற அரசு வென்றது. வாங்கிய கம்பனி தோற்றது. வரலாறு பெரும்பாலும் இந்த இரண்டு தரப்பையே எழுதுகிறது. ஆனால் கரையில் மூன்றாவது தரப்பு ஒன்று இருந்தது. மூன்றிலொரு பங்குச் சிப்பிக்காக மூச்சையடக்கி இறங்கிய சுழியோடிகள், மண்டக்குகள், அடப்பனார், படகோட்டிகள், பருவகாலத்தில் கடை போட்ட சிறு வியாபாரிகள். குத்தகை எழுதப்பட்ட மேசையில் இவர்களுக்கு இடமிருக்கவில்லை. சேர்ந்தாற்போல் ஐந்து ஆண்டுகள் இடைவிடாமல் பார்களைக் குளித்தது சரியா என்று இவர்களிடம் எவரும் கேட்கவுமில்லை. பிரித்தானியர் வந்த புதிதில், 1796 முதல் தொடர்ந்து சில ஆண்டுகள் குளித்துப் பார்களை வெறுமையாக்கிய பாடம் கையில் இருந்தும் இப்படி நடந்தது. நீரோட்டம், மணல், மீன் என இயற்கைக் காரணங்களும் இருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் உச்சத்தில் இருப்பதை உச்சத்திலேயே கறந்துவிட வேண்டும் என்ற அவசரமும் அவற்றோடு சேர்ந்தது.

1925 இல் மீண்டும் ஒரு முத்துக்குளிப்பு நடந்தது. ஆனால் அதற்குள் ஜப்பானில் மிக்கிமோட்டோவின் வளர்ப்பு முத்துக்கள் உலகச் சந்தையை நிறைக்கத் தொடங்கிவிட்டன. பழைய விலை திரும்பி வரவில்லை. ஓலை நகரங்கள் எழுந்த கரையில் மீன்பிடி மட்டுமே எஞ்சியது. 1990 இல் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதும், 2007 இன் படை நடவடிக்கையும் அக்கரையின் மக்களை மேலும் சிதறடித்தன. நோர்த் தேசாதிபதியின் மாளிகையில் மிஞ்சியிருக்கும் சுவர்களைக் கடல் அரித்துக்கொண்டிருக்கிறது. ஊரின் பெயரை உச்சரிக்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வருகிறது.

எட்மன்ரனிலும் மூன்றாவது தரப்பு ஒன்று இருந்தது. நுழைவுச்சீட்டு வாங்கி அணியை வளர்த்த இரசிகர்கள் அவர்கள். ஆனால் 1990 இல் அவர்களுக்கு ஐந்தாவது கிண்ணம் ஆறுதலாகக் கிடைத்தது. ஒரு வீரர் போனால் இன்னொருவர் வளர்ந்து வருவார். மரிச்சுக்கட்டியின் சுழியோடிகளுக்கு அடுத்த பருவமே வரவில்லை. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. விற்கப்படுவது ஒரு வீரராயின் விவாதிக்கலாம், கோபிக்கலாம், அடுத்த ஆண்டைப் பார்த்து ஆறலாம். விற்கப்படுவது ஒரு கடலாயின், காடாயின், மணலாயின், அடுத்த ஆண்டுக்கு உத்தரவாதம் தருவார் எவருமில்லை.

ஆகவே ரொறன்ரோ இளைஞர்களே, கைமாற்றங்களைப் பற்றித் தாராளமாக விவாதியுங்கள். விற்றவர் யார், வாங்கியவர் யார் என்று கேட்பதோடு, பேரம் பேசிய மேசையில் இடமில்லாதிருந்தவர் யார் என்பதையும் கேட்டுப் பழகுங்கள். உங்களுள் சிலருடைய பாட்டனார்கள் அந்தக் கரையில் மண்டக்குகளாகக் கயிறு பிடித்தவர்களாக இருக்கக்கூடும்.