பரதவர் தந்த பொற்காசு



ஜூபிலி ஆண்டில் கோவில் எழுப்ப உழைத்தவர்களை நன்றியோடு நினைக்கிறோம். செய்தி நம்மை வந்தடையப் பணம் தந்தவர்களையும் நினைப்பது முறையாகும்.

16-ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள் தமிழ் அச்சுப் பணிக்காக 400 குருசாதோ என்னும் போர்ச்சுக்கீசியப் பொற்காசுகளைத் திரட்டிக் கொடுத்தார்கள். கடலோடு போராடிப் பிழைத்தவர்கள் அவர்கள். செபமும் மறைக்கல்வியும் தம் மொழியிலேயே வேண்டும் என்று விரும்பினார்கள். அதன் பயனாக, சேசுசபைக் குரு என்ரிக்கே என்ரிக்கசு அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578 அக்டோபர் 20-இல் கொல்லத்தில் அச்சேறியது. பதினாறே பக்கம், ஆயினும் இந்திய எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் அதுவே. 1586-இல் ‘அடியார் வரலாறு’ 600 பக்கங்களுக்கு மேல் விரிந்து வெளிவந்தது. 1600-இல் அடிகளார் இறைவனடி சேர்ந்தபின், அக்கடற்கரையில் அச்சுப்பணி நிலைக்கவில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-இல் சமூகத் தொடர்பு பற்றிய விதித்தொகுப்பை வெளியிட்டது. பணச்செலவைக் காரணம் காட்டி மீட்பின் செய்தியை முடக்குவது திருச்சபையின் மக்களுக்கு அழகல்ல என்று அது கண்டித்தது. 1969-இல் மணிலாவில் வேரித்தாஸ் வானொலி தொடங்கியது. ஜெர்மானியரின் உதவி அதற்குப் பெரும் துணை. 1976 முதல் அதில் தமிழும் ஒலித்தது. 2018 ஜூனில் அதன் சிற்றலை ஒலிபரப்பு நின்று, பணி இணையத்துக்கு மாறியது. பழைய ரேடியோப் பெட்டியில் இனி அக்குரலைக் கேட்க முடியாது.

நம் கணியம்பாடிக்கு இதில் என்ன பாடம்? தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறும் வயல்களும் கெட்டதை விசாரித்த உச்ச நீதிமன்றம், 1996 ஆகஸ்ட் 28-இல் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்க வழிசெய்து தீர்ப்பளித்தது. தீர்ப்போ ஆங்கிலத்தில். அதை உழவருக்கும் தொழிலாளிக்கும் எளிய தமிழில் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும், தாள் வேண்டும், பணமும் வேண்டும். 2006 முதல் தொண்டு நிறுவனங்களும் சமுதாய வானொலி நடத்த அரசு அனுமதிக்கிறது. வழி திறந்திருக்கிறது, செலவை ஏற்பவர் யார்?

பிறர் தரும் உதவியை நன்றியோடு ஏற்போம். ஆனால் நம் ஊருக்கு எந்தச் செய்தி தேவை என்பதை நம்மைவிட யார் அறிவார்? தேர்ச் செலவுக்கும் பந்தலுக்கும் மனமுவந்து கொடுக்கும் நாம், ஒரு செய்தி மடலுக்கும் சிறு பங்கு ஒதுக்குவோமாக. ஏழைப் பரதவர் காட்டிய வழி அது. இறைவன் நம் முயற்சியை ஆசீர்வதிப்பாராக!