பூனையும் களிமண்ணும்

கழிவை மண்ணிட்டு மூடுவது பூனையின் இயல்பு. பெட்டி நாறினால் அது வீட்டின் மூலையை நாடும். அதைக் குறும்பென்று கருதி அடிப்பது பேதைமை. பனியால் நிலம் இறுகும் அமெரிக்காவின் வடபகுதியில், பெட்டியில் மணலோ அடுப்புச் சாம்பலோ இட்டுவந்தனர். சாம்பலோ பாதங்களில் ஒட்டி, வீடெங்கும் கறுப்புத் தடம் பதித்தது.

1947ஆம் ஆண்டு சனவரித் திங்களில், மிச்சிகன் மாநிலத்து எட்வர்டு லோ என்பாரிடம் அண்டைவீட்டு மாது ஒருவர் மணல் கேட்டு வந்தார். மணற்குவியல் உறைந்து கிடந்தது. தரையில் சிந்தும் எண்ணெயை உறிஞ்சவென்று தாம் விற்றுவந்த, முல்தானி மட்டி இனத்துக் களிமண் குருணையை லோ அளித்தார். சின்னாட்களில் அம்மாது அதையே மீண்டும் வேண்டினார்! 5 பவுண்டுப் பை 65 சென்ட் என்றதும், மலிவான மணலிருக்க இதை யார் வாங்குவர் என்று கடைக்காரர் நகைத்தார். இலவசமாகவே கொடுக்கச் சொன்னார் லோ. பெற்றுச் சென்றோர் காசுடன் திரும்பினர். ஈரம் பட்ட இடம் மட்டும் கட்டியாகும் பென்டோனைட் களிமண் 1980களில் வந்தது. அதன்பின் கட்டியை மட்டும் அள்ளி எறிந்தால் போதுமென்றாயிற்று.