8 தோட்டாவும் ஒரு கட்டைவிரலும்

இரண்டாம் உலகப் போர் படங்களில் 'டிங்' என்ற சத்தத்தைக் கேட்டிருப்பீர்கள். அமெரிக்கச் சிப்பாயின் எம்1 கேரண்ட் ரைபிள், 8 தோட்டாவும் தீர்ந்ததும் காலி கிளிப்பைத் தானே வெளியே எறியும் ஓசை அது. அதைக் கேட்டு எதிரி பாய்வான் என்ற கதையை அப்படியே நம்பிவிடாதீர்கள். பக்கத்திலேயே பத்துப் பேர் சுட்டுக்கொண்டிருக்கும்போது அது யார் காதில் விழும்?

கனடாவில் பிறந்த ஜான் கேரண்ட், மாசசூசெட்ஸில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்டு அரசு ஆயுதச் சாலையில் இதை வடிவமைத்தார். 1936-ல் ராணுவம் ஏற்றுக்கொண்டது. முந்தைய ரைபிளில் 5 தோட்டாதான். ஒவ்வொரு முறை சுட்டதும் போல்ட்டைக் கையால் இழுக்க வேண்டும். இதில் விசையை அழுத்தினால் போதும். ஆனால் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் மேகசின் வேண்டாம் என்று ராணுவம் சொல்லிவிட்டது. அதனால் 8 தோட்டா கோத்த கிளிப்பை மேலிருந்து கட்டைவிரலால் உள்ளே அமுக்க வேண்டியதாயிற்று.

வம்பே அங்கேதான். கிளிப் உட்கார்ந்ததும் போல்ட் முன்னே பாயும். எனவே வலது உள்ளங்கை ஓரத்தால் போல்ட்டின் கைப்பிடியைத் தடுத்துக்கொண்டே அமுக்கி, விரலை எடுத்த பிறகே கைப்பிடியை விடப் பழக்கினார்கள். தோட்டாவே இல்லாமல் துடைக்கும்போதும் விரல் நசுங்கியவர்கள் உண்டு. 'கேரண்ட் கட்டைவிரல்' என்று அந்தக் காயத்துக்குப் பெயரே வந்துவிட்டது.

1957-ல் இதன் வாரிசாகத் தேர்வான எம்14-க்கு, அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் 20 தோட்டா மேகசினையே வைத்தார்கள்.