பிளத்தலும் பற்றுதலும்: 'கிளீவ்' என்னும் ஆங்கில வினையின் வரலாறு

'கிளீவ்' என்ற ஆங்கில வினைக்கு அகராதியைப் புரட்டினால் இரண்டு பொருள்கள் கிடைக்கும். ஒன்று, பிளத்தல். மற்றொன்று, விடாமல் ஒட்டிக்கொள்ளுதல். தன் பொருளைத் தானே மறுக்கும் சொல் என்று சொல்விளையாட்டுப் பட்டியல்கள் இதற்குத் தவறாமல் முதல் வரிசையில் இடம் கொடுக்கின்றன. ஒரே சொல் காலப்போக்கில் எதிரெதிர்த் திசைகளில் கிளைத்துவிட்டது என்ற எண்ணம் அந்த வியப்புக்கு அடியில் இருக்கிறது. அந்த எண்ணம் சரியல்ல. இவை பிறப்பிலேயே வேறான இரு வினைகள். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியும் இரண்டு தலைச்சொற்களாகவே தருகிறது. ஒலி மாற்றம் இவற்றுக்கு ஒரே வடிவத்தைக் கொடுத்துவிட்டது. அதற்குப் பிறகும் அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் படிப்பவரைக் குழப்பாமல் இரண்டும் எப்படிப் புழங்கின என்பதுதான் ஆராய வேண்டிய கேள்வி.

பழைய ஆங்கிலத்தில் பிளப்பதற்கு 'கிளேயோவன்' என்றும், ஒட்டுவதற்கு 'கிளிவியன்' என்றும் வழங்கினார்கள். முன்னது வல்வினை, உயிரெழுத்தை மாற்றி இறந்தகாலம் காட்டும். பின்னது மெல்வினை, விகுதி சேர்த்துக் காட்டும். வேர்களும் வேறு. பிளக்கும் வினைக்குக் கிரேக்க மொழியில் உறவு உண்டு: செதுக்குதலைக் குறிக்கும் 'கிளுஃபெயின்'. எகிப்தியச் சித்திர எழுத்துக்கு வழங்கும் 'ஹைரோகிளிஃப்' என்ற பெயரின் பின்பாதி அதிலிருந்து வந்ததே. ஒட்டும் வினையோ களிமண்ணைக் குறிக்கும் 'கிளே' என்ற சொல்லுக்குச் சொந்தம். ஜெர்மன் இன்றுவரை இரண்டையும் கலக்கவிடவில்லை. அங்கே ஒட்டுவது 'கிளேபன்'. வட்டார வழக்கில் மிஞ்சியிருக்கும் 'கிளீபன்' விறகு பிளப்பது.

ஆங்கிலம் அந்த வேலியைக் காக்கவில்லை. இரண்டாம் வினையின் குற்றுயிர் நீண்டது, முதல் வினையின் ஈருயிர் ஒற்றை நெடிலாகச் சுருங்கியது. 14ஆம் நூற்றாண்டு வாக்கில் இரண்டும் 'கிளேவன்' என்ற ஒரே உருவில் வந்து நின்றன. கலப்பு அதோடு நிற்கவில்லை. ஒட்டும் வினை, பிளக்கும் வினையைப் பார்த்து 'கிளேவ்' என்ற வல்வினை இறந்தகாலத்தை எடுத்துக்கொண்டது. பிளக்கும் வினை, தன்னிடம் இருந்தவை போதாதென்று 'கிளெஃப்ட்' என்ற மெல்வினை வடிவத்தையும் சேர்த்துக்கொண்டது.

இந்தக் கலப்பை அருகிலிருந்து பார்க்க 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் விவிலியத்தைவிடச் சிறந்த இடமில்லை. ஆதியாகமம் 22ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் பலிக்கு விறகு பிளக்கிறார், வினை 'கிளேவ்'. ரூத் முதல் அதிகாரத்தில் மாமியாரை விட்டுப் போக மனமில்லாமல் ரூத் பற்றிக்கொள்கிறாள், அங்கும் 'கிளேவ்'. சங்கீத நூலுக்குள்ளேயே 74ஆம் சங்கீதத்தில் கடவுள் ஊற்றைப் பிளக்கிறார், 137ஆம் சங்கீதத்தில் நாக்கு மேல்வாயில் ஒட்டுகிறது, இரண்டும் 'கிளீவ்'. எபிரேய மூலத்தில் இவை வேறு வேறு வினைகள். பிளப்பதற்கு 'பாக்கா', ஒட்டுவதற்கு 'தாவக்'.

ஆனாலும் படிப்பவர் தடுமாறுவதில்லை. காரணம் இலக்கணத்தில் இருக்கிறது. பிளக்கும் வினை செயப்படுபொருளை நேரே ஏற்கும். விறகு, ஊற்று என்று அடுத்து ஒரு பெயர் வந்து நிற்கும். ஒட்டும் வினைக்கு இடையில் 'டு' அல்லது 'அன்டு' என்ற முன்னிடைச்சொல் வேண்டும். தமிழில் 'கல்லைப் பிளந்தான்', 'கல்லோடு ஒட்டினான்' என்று உருபு செய்யும் வேலையை ஆங்கிலத்தில் இந்தச் சிறு சொல் செய்கிறது. எதிர்ப்பொருள் மோதலே இவ்வினையின் வழக்கைக் குறைத்தது என்ற விளக்கத்தை என்னால் ஏற்க முடியாததற்கு இதுவே காரணம்.

வழக்கு குறைந்தது என்னவோ உண்மை. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் டச்சு மொழியிலிருந்து 'ஸ்பிளிட்' வந்தது. பாறையில் மோதிக் கப்பல் உடைவதைச் சொல்லவே அதை முதலில் ஆண்டார்கள். பிறகு விறகுக்கும் துணிக்கும் அதுவே போதும் என்றாகிவிட்டது. இறந்தகாலத்திலும் அப்படியே நிற்கும் அந்தச் சொல்லுக்கு முன்னால், மூன்று நான்கு இறந்தகால வடிவங்களைச் சுமந்த 'கிளீவ்' எப்படி ஈடுகொடுக்கும்? ஒட்டுதலுக்கும் 'ஸ்டிக்', 'கிளிங்' என்று எளிய சொற்கள் இருந்தன.

பழைய வடிவங்கள் சில, பெயரடைகளாக உறைந்துபோயின. ஆட்டின் பிளவுபட்ட குளம்பு 'கிளோவன்'. பிளவுபட்ட அண்ணம் 'கிளெஃப்ட்'. இடம் மாற்றிச் சொன்னால் ஆங்கிலக் காதுக்கு உறுத்தும். பூண்டுப் பல்லைக் குறிக்கும் 'கிளோவ்' இதே குடும்பம். கிராம்புக்கு வழங்கும் 'கிளோவ்' அப்படியல்ல. அது ஆணியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வாரிசு. சமையலறையில் மட்டும் மிஞ்சிய ஒரு குழப்பம் என்று இதைச் சொல்லலாம்.

தெருவில் இழந்த இடத்தை இவ்வினை அறிவியலில் மீட்டது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கனிமவியலார் 'கிளீவேஜ்' என்று பெயரிட்டது எந்தப் பிளவையும் அல்ல, படிகத்தின் அணுக்கட்டமைப்பு பலவீனமாக இருக்கும் தளத்தில் நேரும் பிளவை மட்டுமே. அபிரகம் ஒரே திசையில் ஏடு ஏடாகப் பிரியும். வைரத்துக்கு அப்படி நான்கு திசைகள். 1905இல் டிரான்ஸ்வாலில் கிடைத்த 3,106 காரட் கல்லினன் வைரத்தை 1908 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமில் ஜோசப் ஆஷர் பிளந்தார். கல்லில் முதலில் இன்னொரு வைரத்தால் காடி வெட்டி, அதில் முனைமழுங்கிய எஃகுத் தகட்டைப் பொருத்தி, தடியால் ஓங்கி அடிப்பதே முறை. முதல் அடியில் உடைந்தது தகடுதான் என்பார்கள். தளம் தப்பினால் கல் சில்லுசில்லாகிவிடும். கடைசியில் அதிலிருந்து 9 பெரிய கற்களும் 96 சிறிய கற்களும் கிடைத்தன. இங்கே 'ஸ்பிளிட்' போதாது. இயல்பாக அமைந்த பிளவுக்கோட்டில் பிரிப்பது என்ற நுட்பம் 'கிளீவ்' ஒன்றிலேயே இருந்தது.

கருவுற்ற முட்டை பகுபடுவதற்கும், நொதிகள் புரதத்தையும் டி.என்.ஏ.வையும் குறித்த இடத்தில் வெட்டுவதற்கும் உயிரியலார் இதையே எடுத்தாண்டதன் தர்க்கம் அதுதான். 1967இல் அரசியல் சமூகவியலாளர்களான லிப்செட்டும் ரொக்கானும் ஐரோப்பியக் கட்சிகளை விளக்க, மையத்துக்கும் விளிம்புக்கும், அரசுக்கும் திருச்சபைக்கும் இடையிலான பிளவுகளைக் 'கிளீவேஜ்' என்றார்கள். சமூகத்திலும் முன்பே கோடுகள் உண்டு, உடைந்தால் அங்கேதான் உடையும் என்பது அவர்கள் வாதத்தின் சாரம்.

ஒட்டும் பொருளுக்கு இத்தகைய புகலிடம் கிடைக்கவில்லை. மனைவியோடு கணவன் சேர்ந்திருப்பதைச் சொல்லும் ஆதியாகமம் 2:24இல் 1952ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பு 'கிளீவ்' வினையை வைத்திருந்தது. 1989இல் வந்த புதிய திருத்தம் அதை எடுத்துவிட்டு 'கிளிங்' என்று போட்டது. ஆய்வுக்கூடத்திலோ இறந்தகாலச் சிக்கலும் தீர்ந்துவிட்டது. நொதி புரதத்தை வெட்டியதை உயிர்வேதியியலார் 'கிளீவ்டு' என்றே எழுதுகிறார்கள். கொள்கையை விடாமல் பற்றி நின்றவரைச் சொல்லும்போதும் இன்றைய ஆங்கிலத்தில் அதே 'கிளீவ்டு'தான், கூடவே ஒரு 'டு'.